டோரீனின் ஜோடி

ஹட்டன் மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் டோரீனுக்கு டேங்கோ என்ற ஜோடி நடனம் ஆடக் கற்றுக்கொடுத்தவன் தேயிலைத் தோட்ட அலுவலகக் கிளாக்கர் இக்னேசியஸ். சேர்ந்து ஆடியவர்கள் காதலர்களானார்கள். 1957 மழையில், மண்டபத்துக்குக் கீழிருந்த தேயிலைச் சரிவில் மண்சரிவு அவனை மூடியது, உடல் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் அழுது ஓய்ந்தபின், வாத்தியார் சூசைரட்ணத்தை டோரீன் விரும்பியே மணந்தாள். அதே மண்டபத்தில் நடந்த கல்யாண விருந்தில் யாரோ ஒரு டேங்கோ இசைத்தட்டைப் போட்டார்கள். அவளுடைய வலது கை தானாக உயர்ந்தது. முதுகில் ஓர் உள்ளங்கை அழுந்தியது. கால்கள் பின்னோக்கி அடியெடுத்தன.

“தனியாவே என்னமா ஆடுற!” என்றார் சூசைரட்ணம்.

“ரெக்கோட்ட நிப்பாட்டுங்க!” என்று கெஞ்சினாள்.

“அது நின்னு நேரமாச்சேம்மா,” என்றார் அவர்.

கையை உதறிப் பார்த்தாள், பிடி தளரவில்லை. சிரித்துக்கொண்டே கைதட்டும் புருஷனைப் பார்த்தபடி, வாசலைத் தாண்டி அந்தத் தேயிலைச் சரிவில் பின்னோக்கியே இறங்கினாள்.