இடுப்பளவுக் குழி

கையால்தான் தோண்டினாள். வெட்டு ஒன்று தவறி வேரில் விழுந்தால் கதை முடிந்தது.

பலாக்கன்று முழங்கால் உயரம்தான் வெளியே தெரிந்தது. உச்சியில் ஏழெட்டு இலைகள். அத்தனையும் மஞ்சள். அவள் அவற்றை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது.

ஒரு சாண் தோண்டினாள். தண்டுதான் வந்தது.

இன்னும் ஒரு சாண். அப்போதும் தண்டுதான். ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. தொட்டால் வழுக்கியது.

பாவி மனுஷன், இத்தனை ஆழத்திலா கொண்டுபோய் வைத்தார்.

திட்டவும் மனம் வரவில்லை. மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன அந்தப் புயலுக்குப் பிறகு ஊரில் எல்லோருமே இப்படித்தான் நட்டார்கள். தென்னையோ மாவோ, எதுவானாலும் இடுப்பளவுக் குழி. அடியில் வைத்து, கழுத்து வரை மண்ணைத் தள்ளி, மேலே ஏறி மிதித்துவிட்டு வந்தார்கள். இனி எந்தக் காற்று வந்து பிடுங்குகிறதென்று பார்த்துவிடலாம் என்ற வீம்பு.

அவள் கணவர் வைரக்கண்ணுவுக்கு அந்த வீம்பு கொஞ்சம் கூடுதல். ஒரே ராத்திரியில் பதினோரு பலாமரங்களைப் பறிகொடுத்தவர். விடிந்ததும் தோப்புக்குப் போய், வேரும் மண்ணுமாக அவை மல்லாந்து கிடந்ததைப் பார்த்தார். திரும்பி வந்து படுத்துக்கொண்டார். இரண்டு வருடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த ஆனியில்தான், என்ன தோன்றியதோ, ஒரே ஒரு கன்றோடு வந்து நின்றார்.

நட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"இதுவும் போச்சுன்னா என்னைய இந்தத் தோப்புப் பக்கம் கூப்புடாத."

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

நேற்று மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு நர்சரிக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்த பெண் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு ஆழத்தில் வைத்தீர்கள் என்றுதான் கேட்டாள். மண்ணுக்குள் தண்டு அழுகுவதற்குள், மழைக்கு முன்னால் மேலே தூக்கி வைக்கச் சொன்னாள். பலா வேர் அலுங்கினால் பிழைக்காது என்றும் சொன்னாள்.

இன்று புரட்டாசி கடைசி. கிழக்கே மேகம் இறங்கியிருந்தது.

வைரக்கண்ணு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார். அதற்குள் தூக்கி வைத்துவிட்டால் அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்திருந்தாள்.

மூன்றாவது சாணில் விரலில் ஏதோ தட்டியது. தண்டு அங்கே அகன்று நாலு பக்கமும் பிரிந்தது.

வேர்க்கழுத்து.

முழங்கைக்கு மேல் வரை அவள் கை மண்ணுக்குள் இருந்தது. இத்தனை மண்ணையும் தலையில் சுமந்துகொண்டுதான் அது நாலு மாதம் நின்றிருக்கிறது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் தோலைச் சுரண்டினாள்.

உள்ளே பச்சை.

அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தாள்.

பிறகு மண்வெட்டியை எடுத்து, தள்ளி நின்று, சுற்றிலும் வெட்டினாள். வேரோடு மண்கட்டி திரண்டு வந்தது. அதன் அடியில் சாக்கை நுழைத்துத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். மண்கட்டியில் ஒரு விரிசல் விட்டது.

அப்படியே நின்றுவிட்டாள். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. திரும்ப மூடவும் முடியாது.

குழியின் விளிம்பில் செருப்புக் கால்கள் தெரிந்தன.

வைரக்கண்ணு குழியைப் பார்த்தார். சாக்கில் கிடந்த கன்றைப் பார்த்தார்.

"செத்துருச்சா?"

"இல்லங்க."

சுரண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் குனிந்து, நம்பாமல், பக்கத்திலேயே தன் நகத்தாலும் ஒரு கீறு கீறினார். அங்கேயும் பச்சை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். துக்க வீட்டிலிருந்து வந்தவர், குளிக்காமல் எதையும் தொடக்கூடாது. அவள் ஞாபகப்படுத்தவில்லை.

சாக்கின் அந்தப் பக்கத்தை அவர் பிடித்தார். இந்தப் பக்கத்தை அவள்.

ஒரு சாண் தூக்கினார்கள். காலால் அடியில் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். மறுபடி ஒரு சாண். மறுபடி மண். கடைசியில் வேர்க்கழுத்து தரைக்கு இரண்டு விரல் மேலே வந்து நின்றது.

தண்ணீர் ஊற்றினாள்.

காற்று வந்தது. கன்று ஆடியது.

அவர் கை சட்டென்று அதைப் பிடிக்க நீண்டது. பிடிக்கவில்லை. பாதியிலேயே நின்றது.

கன்று ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு தானே நிமிர்ந்துகொண்டது.

பெருமூச்சு விட்டது யாரென்று தெரியவில்லை. இரண்டு பேருமாகத்தான் இருக்கும்.

அவர் எழுந்து நடந்தார். வீட்டுக்குக் குளிக்கப் போகிறார் என்று நினைத்தாள். ஆனால் வீடு மறுபக்கம் இருந்தது.

குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். இருபத்தைந்தில் நின்றார். காலால் மண்ணைக் கீறி ஒரு வட்டம் போட்டார்.

ஒரு பலாவுக்கும் அடுத்த பலாவுக்கும் விட வேண்டிய இடைவெளி அது.

அங்கிருந்தபடியே மண்வெட்டிக்குக் கை நீட்டினார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கொடுக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க. இந்தக் குழிய நான் வெட்டுறேன்."