வறுத்த புற்றுமண்

கிணற்றடியில் நின்றுகொண்டிருந்த என்னிடம் அத்தை வந்து உள்ளங்கையை நீட்டினாள். ஓட்டில் போட்டு வறுத்த புற்றுமண். சூடு இன்னும் ஆறவில்லை.

"தின்னு சாமி. மழை மண்ணாட்டமே மணக்குது பாரு."

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழு வருஷமாகிறது. தெய்வநாயகி என்று எனக்கொரு பேர் இருப்பது அத்தைக்கு மறந்தே போயிருக்கும். "ஏ புள்ளே" என்றால் நான். சாமி ஆனது இந்த இரண்டு மாதமாகத்தான்.

மண்ணைப் பார்த்தேன். வாயில் எச்சில் ஊறவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் உள்ளங்கையோடு சேர்த்து நக்கியிருப்பேன்.

அப்போதெல்லாம் எழுந்து நின்றால் கண் இருட்டும். நாலு குடம் தண்ணீர் சேந்துவதற்குள் நெஞ்சு படபடக்கும். தறிக்கு வேண்டிய நூலை ராட்டையில் ஐந்தாறு தார் சுற்றுவேன், அதற்குள் கை ஓய்ந்து மடியில் விழுந்துவிடும். சோம்பேறிக்குப் பிறந்தவள் என்று செத்துப்போன என் அப்பனையும் சேர்த்துத் திட்டுவாள் அத்தை. யுத்த காலத்தில் நூல் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்ததையும் சுற்றாமல் ஒருத்தி தூங்கி விழுந்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டபின் பானையில் ஒட்டியிருப்பது எனக்கு. எல்லா வீட்டிலும் மருமகளுக்கு அப்படித்தான். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பாழும் மண்ணாசை வந்தது. என் வீட்டுக்காரர் அர்த்தநாரி தறிக்குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருப்பார். தார் கொடுக்கிற சாக்கில் குழி விளிம்பிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வேன். நாளாக நாளாக விளிம்பு பள்ளமானது. எலி பறிக்கிறது என்று அந்த மனுஷன் பொறி வாங்கி வைத்தார். தினம் காலையில் அதை எட்டிப் பார்த்து ஏமாந்துபோவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் அத்தை என்னைக் கையும் வாயுமாகப் பிடித்துவிட்டாள்.

அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ அப்படியே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்குத் தூரமாகி எத்தனை நாளாகிறது என்று கேட்டாள். தீட்டு நின்று இரண்டு மாதம் தாண்டிவிட்டது என்றேன். அவ்வளவுதான். பிள்ளையில்லை என்று ராசிபுரத்தில் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாகப் பேசி வைத்திருந்த பெண் வீட்டுக்கு, வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கே ஆள் போனது.

முகம் வெளுத்திருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த வாரமே கரியில் ஓடுகிற பஸ்ஸில் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வெளியே வந்தபோது என் கையில் ஒரு மாத்திரைப் பொட்டலம். என்ன சொன்னார்கள் என்று அத்தை கேட்டாள். இதைத் தின்னச் சொன்னார்கள், வயிறாரச் சாப்பிடச் சொன்னார்கள் என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது ராஜவைத்தியம். முதல் சோறு எனக்கு. முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, ராகிக்களி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். அவருக்குக்கூட இல்லாமல் என் வட்டிலில் விழும். தண்ணீர் சேந்த அத்தையே போனாள். பிள்ளைத்தாச்சி கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாதாம். அதனால்தான் இந்தப் புற்றுமண்ணும்.

"வேண்டாங்க அத்தை. மண்ணு இப்பப் புடிக்கறதில்லைங்க."

அத்தையின் முகம் மலர்ந்தது.

மசக்கை தெளிந்துவிட்டது என்றாள். நாலாம் மாதத்தில் தெளிவது பையனாகத்தான் இருக்கும் என்றாள். தாய்வீட்டார் போடும் கட்டுச்சோறு விருந்துக்கு இப்போதே எடப்பாடிக்கு என் அண்ணனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றாள். மண்ணை வீசிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

வயிற்றில் பிள்ளை இல்லை. உடம்பில் ரத்தம்தான் இல்லை. இரும்புச்சத்து வற்றிப்போனதால் வந்த அசதி. மண்ணாசையும் அதனால்தான், மாதக்கணக்கு நின்றதும் அதனால்தான். மாத்திரை தின்றால் வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்படாதே. மண் வெறுத்துப்போனால் தேறிவருகிறாய் என்று அர்த்தம். நன்றாகத் தேறட்டும், அப்புறம் பிள்ளைக்கு ஆசைப்படலாம் என்றார்.

அதுவரைக்கும் ஆசைப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை. இல்லாத பிள்ளைக்குப் போட்ட சோற்றைத் தின்று நான் தேறினேன். ஈரலை மெல்லும்போதெல்லாம் டாக்டரம்மா கணக்குத் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பேர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அத்தை இரண்டு கைகளையும் என் முகத்தை நோக்கிக் கொண்டுவந்தாள். கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கப் போகிறாள்.

என் அம்மா செத்துப் பதினொரு வருஷம். அதற்கப்புறம் ஒருத்தி கையும் என் கன்னத்தில் பட்டதில்லை. ஒரே ஒரு தடவை பட்டால் போதும் என்றிருந்தது. பேசாமல் நின்றால் போதும், பட்டுவிடும். பட்ட கையோடு நேரே உள்ளே போய், என் பிள்ளையை நினைத்துச் சாமிக்கு விளக்கு வைப்பாள்.

ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"தொட்டுறாதீங்க அத்தை. காத்தாலதான் ஊட்டுக்குத் தூரமானேன்."