சாயங்கால வீராப்பு

பகல் முழுக்க வளைக்குள் வெந்து கிடக்கும் நண்டு, சூரியன் கடலைத் தொட்ட பிறகுதான் வெளியே வரும். கொடுக்கைத் தூக்கி, "எங்களைப் பொசுக்கிட்டு எங்கடா ஓடுறே? நில்லுடா!" என்று கத்தும். பின்னால் நிற்கும் நண்டுகள் ஆரவாரம் செய்யும்.

அன்று கடைசி வெளிச்சக் கீற்று அதன் ஓட்டின் மேல் வந்து விழுந்தது.

"யாரைத் திட்டுறீங்க அண்ணே?" என்று கேட்டது கீற்று.

"எதிரே நிக்கிறானே, அவனைத்தான்."

"அவர் அப்பவே கடலுக்குக் கீழே இறங்கிட்டாரே! வானத்துக்கு அப்பாலிருந்து காத்துக்குள்ள நுழையும்போது நாங்க வளைஞ்சிடுவோம். அதனாலதான் கீழே போனவர் மேலே இருக்கிற மாதிரி தெரியுது."

நண்டின் தூக்கிய கொடுக்கு அந்தரத்திலேயே நின்றது.

"அப்போ... நேத்து?"

"தினமும் இப்படித்தான்."

"நான் திட்டினது எதுவுமே அவர் காதுல விழலையா?"

"ஒரு வார்த்தைகூட விழலை."

நண்டு மெல்லத் திரும்பிப் பார்த்தது. மற்ற நண்டுகள் கண்களை நீட்டிக் காத்திருந்தன.

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்," என்று கீற்றிடம் கெஞ்சியது. பிறகு கொடுக்கை இன்னும் உயரத் தூக்கி, "ஓடாதே, நில்லுடா!" என்று முன்னைவிட உரக்கக் கத்தியது.