சாவியை ஏற்காத கணினி

ஒரு ஊரில் ஒரு மருந்துக் கிடங்காம். கிடங்குக்குள் ஒரு குளிர் அறையாம். அந்த அறைச் சுவரில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டிக் கணினியாம். குளிர் கூடினாலும் குறைந்தாலும் ஆபீசுக்குச் சேதி சொல்வது அதன் வேலை.

வெகு காலத்துக்கு முந்தி இல்லை, போன வாரம்தான்.

அந்தக் கணினிக்குள் ஆபீசில் உட்கார்ந்தபடியே நுழையலாம். கடவுச்சொல் கேட்காது, அவரவர் லேப்டாப்பில் வைத்திருக்கும் சாவிக் கோப்பைக் காட்டினால் போதும். அதன் ஜோடி கணினிக்குள் அவரவர் ஃபோல்டரில் இருக்கும்; இரண்டும் பொருந்தினால் கதவு திறந்துவிடும். அன்று காலை டீம் லீடர் தன் சாவியைக் காட்டியபோது, 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது.

கேபிளும் கையுமாகக் கிடங்குக்கே ஓடி வந்தாள். பெட்டியிலேயே கேபிளைச் செருகினால் மட்டும் கடவுச்சொல் போட்டு உள்ளே போகலாம்.

"வேற யாரு சார்?" என்று போனில் முதலாளியிடம் பொரிந்தாள். "எல்லாம் நம்ம ஒல்லியோட வேலைதான். வெள்ளிக்கிழமை வேலையை விட்டான், அன்னிக்கே இதுல இருந்த தன்னோட லாகின் கணக்கை அழிச்சான். போறபோக்குல என் சாவியையும் சேர்த்துத் தூக்கிட்டான்."

"அவனா? கேட்டாக்கூட வாயைத் திறக்க மாட்டானே!"

"வாயைத் திறக்காதவங்ககிட்டதான் சார் ஜாக்கிரதையா இருக்கணும்."

"அவன் சேரப்போற புது ஆபீஸ்ல இருந்து விசாரிச்சு போன் வந்துச்சு. அப்புறம் சொல்றேன்னு வெச்சிருக்கேன்."

"இப்பவே சொல்லிடுங்க சார். அவங்களாவது தப்பிக்கட்டும்."

ஒல்லியையும் வரச் சொல்லியிருந்தாள். கையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். கிடங்குக்காரர் பக்கத்தில் இருக்கிறாரே என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"வாங்க சார், வாங்க! போறதுக்கு முன்னாடி நல்லா வெச்சு செஞ்சுட்டீங்களே! உள்ள இருக்கறதெல்லாம் குழந்தைங்களுக்குப் போடற மருந்து. கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"பின்ன, என் சாவி கால் முளைச்சு ஓடிப்போச்சா?"

"கேபிள் போட்டு உள்ள பார்த்தீங்களா?"

"இதோ, உன் கண்ணு முன்னாடியே பார்க்கறேன்."

பார்த்தாள். சாவி வைத்தது வைத்தபடி இருந்தது. லேப்டாப்பில் இருந்ததோடு ஒட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

"உங்க ஃபோல்டருக்கு என்ன பெர்மிஷன் இருக்குன்னு பாருங்கக்கா," என்றான் மெல்ல.

பார்த்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், மாற்றலாம் என்று ஃபோல்டர் பப்பரப்பே எனத் திறந்து கிடந்தது. கண்டவரும் கைவைக்கக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை அந்தக் கணினி நம்பாது. அவளுக்குத் தெரியாததா? புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

சனிக்கிழமை நடந்தது நினைவுக்கு வந்தது. இங்கேயே வந்து கேபிள் போட்டு ஏற்றப் பார்த்த புது ப்ரோகிராம், அந்த ஃபோல்டருக்குள் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. எதற்கு வம்பு என்று எல்லாருக்கும் திறந்துவிட்டு ஏற்றினாள். ஏற்றிய கையோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்தக் குளிரிலும் காது மடல் சுட்டது.

ஒரே ஒரு வரிதான் தட்டினாள். ஃபோல்டர் மூடிக்கொண்டது. சாவியைக் காட்டினாள். கணினி மறுபேச்சு இல்லாமல் உள்ளே விட்டது.

போன் அடித்தது. முதலாளி.

"என்னம்மா, சரியாச்சா?"

"ஆச்சு சார்."

"அவன் கைவரிசைதானே?"

"ஏதோ... பெர்மிஷன் பிரச்சினை சார்."

"என்னவோ போ. புது ஆபீசுக்குச் சொல்லிட்டேன், நீ சொன்ன மாதிரியே." வைத்துவிட்டார்.

அது ஒல்லியின் காதில் விழவில்லை.

"அப்ப நான் கிளம்பட்டுமாக்கா? முதலாளி சொல்றதைக் கேட்டுட்டுத்தான் அங்க ஆர்டர் குடுப்பாங்களாம். என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. வீட்ல ரொம்ப எதிர்பார்த்துட்டு இருக்காங்க."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அவன் எதிரிலேயே முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், அவன் மேல தப்பே இல்ல. நான்தான் ஃபோல்டரைத் திறந்து போட்டுட்டு மூட மறந்துட்டேன். பழியை அவன் மேல போட்டுட்டேன். அந்த ஆபீசுக்கு இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுங்க சார். என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

ஒல்லி நிமிர்ந்து பார்த்தான். "புது ஆபீசுக்குமா சொன்னீங்க?"

போனில் முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கியது கிடங்குக்காரர் வரை கேட்டது. கடைசியில், "சரி, கூப்பிட்டுச் சொல்றேன். அவனை நாளைக்கே போய்ச் சேரச் சொல்லு," என்றார்.

அப்பாடா என்றிருந்தது. பட்ட அவமானத்துக்கு நடுவிலும், உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"மன்னிச்சுக்கப்பா," என்றாள். "ஆனா ஒண்ணு மட்டும் புரியல. அவசரத்துக்கு இப்படித் திறந்து போடறது எனக்கு இது முதல் தடவை இல்ல. மூட மறந்தது எத்தனையோ தடவை. அப்பல்லாம் ஒரு நாள்கூட இது என்னை வெளிய நிறுத்தலையே?"

ஒல்லி தயங்கினான். கிடங்குக்காரர் அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அப்பல்லாம் என் கணக்குல உள்ள போயி நானே மூடிட்டு வந்துடுவேன்க்கா. டீம் லீடரை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்கக் கூடாதில்ல?"

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்தான்.