மறைப்பு

ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பதினெட்டு வருடம் நின்ற வலது காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, சௌந்தரவல்லியின் இதயத்தில் ஒட்டுப்போட்டிருந்தார்கள். கால் தையல் இன்னும் ஆறாமல் கசிந்துகொண்டிருந்தது.

"காலுல மெதுவா ஓடுற ரத்தத்துக்குப் பழகினதும்மா அது" என்றார் டாக்டர். "இப்ப இதயத்தோட வேகத்தைத் தாங்கணும். அதுக்காகக் கொஞ்சம் தடிக்கும், தடிக்கணும். ஆனா உங்க எடைக்கு, தடிச்சுக்கிட்டே போய் அடைச்சுக்கவும் வாய்ப்பிருக்கு. உடம்பைக் குறைங்க, அது பொழச்சுக்கும்."

அவளுக்கு அந்த உடம்பின் மேல் கோபமே வரவில்லை. கடையில் வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது. எதிர்ச் சுவரில் கேமரா இருந்தது. மதியம் கால் கடுத்துப்போன பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் முதுகுக்குப் பின்னால் புடவைக் கட்டின் மேல் உட்காருவார்கள். அவள் ஒரு பட்டுப் புடவையை விரித்துப் பிடித்தபடி அசையாமல் நிற்பாள். "வல்லியக்கா நின்னா போதும், ஆனையே உட்காரலாம்" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவள் உட்கார வேண்டுமென்றால், அவளை மறைக்கிற அளவுக்கு அங்கே ஒருத்திக்கும் உடம்பு கிடையாது.

டாக்டர் போனதும் கட்டில் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றாள். நெஞ்சுக் கட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். உள்ளே, காலிலிருந்து வந்த அந்தக் குழாய் படபடத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் உட்காருடி" என்றாள். "அக்கா நிக்கிறேன்ல."