காது வலி

கோடை விடுமுறைக்கு நீச்சல் அணியில் சேர்ந்த மூன்றே வாரத்தில் நறுமுகை நன்றாகக் கறுத்துப்போனாள். ரிலே போட்டிக்குக் கோச் தேர்ந்தெடுத்த நான்கு பேரில் அவளும் ஒருத்தி. அம்மா தமயந்தியைப் பார்க்க வீட்டுக்கு வந்த நாத்தனார் நறுமுகையைப் பார்த்ததும், "என்ன தமயந்தி, பொம்பளப் பிள்ளைய இப்படிக் கருக்கி வச்சிருக்க?" என்று கேட்டாள்.

மறுநாளே தமயந்தி கோச்சுக்கு ஃபோன் செய்து, மகளுக்குக் காதில் சீழ் பிடித்திருக்கிறது, இனி அனுப்ப முடியாது என்றாள். பத்து வயது நறுமுகை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை, உடன் நீந்தும் ரிஸ்வானா அவளைப் பார்க்க வந்தாள். பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுமோ என்று பயந்த தமயந்தி, "அவ தூங்குறாம்மா" என்றாள். அதற்குள் நறுமுகையே வெளியே வந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"ஆமா. அம்மாதான் பாவம், தூங்காம பாத்துக்குறாங்க" என்றாள் நறுமுகை.

தமயந்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரிஸ்வானா போன பிறகும் அவள் பஞ்சை எடுக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். தமயந்தி இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.