காற்றுப் படம்

தலைமையாசிரியர் மனோகரன் பதறிப்போனார். "கண்காட்சி தொடங்கப் போகுது! ஏன் டீச்சர் அதைக் கழற்றுறீங்க?"

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என எந்தக் காற்றுக்குக் கடல் எப்படி மாறும் என்று மீனவர் காயாரோகணம் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வரைந்த படம் அது. அவருடைய மகளும் அறிவியல் ஆசிரியையுமான ஜீவிதா ஆணியைப் பிடுங்கினாள்.

"அப்பா கடலுக்குப் போறவர்னா அதுல என்னம்மா வெட்கம்? உங்க சனங்களுக்கு மரியாதை செய்யணும்னு நானே நின்னு மாட்டச் சொன்னேன்."

"பாரம்பரிய அறையில, கோலத்துக்கும் உறியடிக்கும் நடுவுல மாட்டுறதா சார் மரியாதை?" படத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"இயற்பியல் லேபுக்கு. பாரோமீட்டர் பக்கத்துல எங்கப்பா ஆணியும் சுத்தியலுமா நிக்கிறாரு."